அல்ஜியர்ஸ் மகாநாடும் மலைநாட்டுக் கொழுந்தும்

ஆபிரிக்கக் கண்டத்தின் வட கரையிலே மத்தியதரைக் கடலை நோக்கி நிற்கும் பழம்பெருந் துறைமுகங்களுள் அல்ஜியர்ஸும் ஒன்று. ஹற்றனிலோ தலவாக்கலையிலோ இருந்து நினைத்துப் பார்ப்பவருக்கு அது தொடர்பற்ற ஊராகவே தோன்றும். ஆயினும் 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை அந்நகரிலே கூடிய ஒரு மகாநாடு, மலைநாட்டின் சோற்றையும் கூலியையும் குடியுரிமையையும் பற்றிச் சிந்திப்போர் மறவாது நோக்கத் தக்கது. அது அணிசேரா நாடுகளின் நான்காவது உச்சி மகாநாடு. இலங்கையின் சார்பில் பிரதம மந்திரி திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அங்கே சென்றிருந்தார். உலகச் சந்தையில் ஏழை நாடுகளின் விளைபொருளுக்கு நியாயமான விலை வேண்டும் என்ற கோரிக்கை அங்கே உரத்து எழுந்தது. அதே மாதங்களில், இலங்கைக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த தேயிலையைக் கிள்ளிய கைகள் சோற்றுக்கு ஏங்கின. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அந்நகரைச் சற்று அறிந்துகொள்வோம். கடல் வழியே அல்ஜியர்ஸை அணுகுபவர் முதலிற் காண்பது, குடாவின் விளிம்பிலிருந்து மலைச்சரிவின் மேலே அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் வெண்ணிறக் கட்டடங்களை. 'வெள்ளை அல்ஜியர்ஸ்' என்று பயணிகள் அதனை அழைத்தது இக்காட்சியினாலேயே. பினீசிய வணிகர் இங்கே ஒரு கடற்றுறையை வைத்திருந்தனர். உரோமர் காலத்தில் அது இக்கோசியம் எனப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் சீரி வமிசத்துப் புலுக்கீன் என்பவர் இன்றைய நகருக்கு அடிகோலினார். கரைக்கு அப்பால் சில சிறு தீவுகள் இருந்தமையால் அரபு மொழியிலே 'தீவுகள்' எனப் பொருள்படும் அல்ஜசாயிர் என்ற பெயர் ஊருக்கு வந்தது; பின்னர் நாட்டுக்கே அப்பெயர் நிலைத்தது.

அத்தீவுகளுள் ஒன்றில் ஸ்பானியர் கோட்டை கட்டிக்கொண்டு நகரை அச்சுறுத்தி வந்தனர். 1529இல் கைருத்தீன் பர்பரோசா என்னும் கடற்றலைவர் அக்கோட்டையைப் பிடித்து, தீவையும் கரையையும் இணைத்து ஒரு கல்லணை எழுப்பினார். அதன் பின்பு மூன்று நூற்றாண்டுக் காலம் அல்ஜியர்ஸ் துருக்கிய உஸ்மானியப் பேரரசின் நிழலில், கடற்படை வலிமை மிக்க நகராய் விளங்கிற்று. ஸ்பானிய இலக்கியத்தின் தலைமகனாகிய சேர்வாந்தெஸ் 1575 முதல் 1580 வரை ஐந்தாண்டுகள் சிறையிருந்தது இவ்வூரிலேயே. துறைமுகத்தின் மேலே எழும் பழைய நகர்ப்பகுதியைக் கஸ்பா என்பர். இருவர் எதிரெதிர் வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒடுங்கிய தெருக்கள். அவற்றிற் பல படிக்கட்டுகளே. 1992இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் கஸ்பாவை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இந்நகர் தன் சுதந்திரத்தை இழந்த கதை விளைபொருளின் விலையோடு பின்னியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படைகளுக்கு அல்ஜீரியாவிலிருந்து கோதுமை அனுப்பப்பட்டது. அதற்குரிய கடன் ஆண்டுகள் பல கடந்தும் தீர்க்கப்படவில்லை. 1827இல் அல்ஜியர்ஸின் ஆட்சித் தலைவராகிய ஹுசைன், பாக்கியைப் பற்றிப் பிரெஞ்சுத் தூதரிடம் வினவ, மறுமொழி பொருத்தமாக வராமையால் சினந்து, கையிலிருந்த விசிறியால் அவரைத் தட்டினார். அதனையே காரணமாகக் காட்டி 1830 ஜூலை 5ஆம் திகதி பிரான்சு அல்ஜியர்ஸைக் கைப்பற்றிக்கொண்டது. கோதுமைக்குப் பணம் கேட்ட நாடு 132 ஆண்டுகள் அடிமை நாடாயிற்று.

பிரெஞ்சு ஆட்சியில் நிகழ்ந்தவற்றை மலைநாட்டு வரலாறு அறிந்தோர் எளிதில் விளங்கிக்கொள்வர். இலங்கையில் 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்குரியனவாக்கிற்று. கண்டிக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் ஆண்ட நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. அல்ஜீரியாவிலும் குலங்களுக்குப் பொதுவாய் இருந்த நிலங்களைத் துண்டாடி விற்பனைக்குரியனவாக்கும் சட்டங்கள் வந்தன; 1873ஆம் ஆண்டின் வார்னியே சட்டம் அவற்றுட் பேர்போனது. நல்ல நிலங்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் கைக்கு மாறின. அங்கே அவர்கள் முந்திரிகைக் கொடிகளை நட்டனர். 1930களின் இறுதியில் முந்திரிகைத் தோட்டங்களின் பரப்பு ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டேயர். மது அருந்துதலை மார்க்கம் விலக்கிய மக்களின் மண்ணிலே, பிரான்சுக்கு அனுப்பும் திராட்சை மது முதன்மை விளைபொருளாயிற்று. தனக்கு வேண்டாத பொருளை, வேறொருவர் குறிக்கும் விலைக்கு, ஒரே சந்தைக்கு விளைவிப்பதே குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் இலக்கணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கை மலைகளிலே கோப்பியை 1869இல் தோன்றிய இலை நோய் அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். அல்ஜீரியாவில் நிலத்தை இழந்தவர்களே அந்நிலத்திற் கூலிகளாயினர். மலைநாட்டிலோ நிலத்தை இழந்தவர்கள் ஒரு சாரார். அந்நிலத்திற் கூலிகளாய் அமர்த்தப்பட்டவர்கள் மற்றொரு சாரார். பின்னவர்கள் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாராற் சேர்க்கப்பட்டு, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வீழ்ந்தோர் பலர். இவ்விரு சாராரும் ஒரே அநீதியின் இரு பக்கங்கள் என்பது நெடுங்காலம் உணரப்படாமற் போயிற்று.

சுதந்திரம் வந்தபோதும் இரு நாடுகளும் வேறு வேறு வழியிற் சென்றன. அல்ஜீரியா 1954 நவம்பர் முதலாந் திகதி தொடங்கிய கொடிய போரின் முடிவில், 1962 ஜூலை 5ஆம் திகதி விடுதலை பெற்றது. 1832இல் தேவாலயமாக மாற்றப்பட்ட கெச்சாவா பள்ளிவாசலும் அவ்வாண்டிலேயே மீண்டும் பள்ளிவாசலாயிற்று. ஐரோப்பியக் குடியேறிகளுட் பெரும்பாலானோர் சில மாதங்களில் நாட்டை விட்டு நீங்கினர். கைவிடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர் தாமே குழு அமைத்து அறுவடையை நடத்தினர். 1963 மார்ச் மாதத்தில் அரசாங்கம் ஆணைகள் பிறப்பித்து, அக்குழுக்களின் சுயநிர்வாகத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. நாளடைவில் அதிகாரிகளின் கை ஓங்கிற்று என்பதும், குழுக்களின் உரிமை குறைந்தது என்பதும் உண்மையே. எனினும் தோட்டத்து மண் யாருடையது என்ற வினா எழுந்தபோது, அதனை உழுதவனின் பெயரும் விடையில் இடம்பெற்றது.

இலங்கை 1948 பெப்ரவரி 4ஆம் திகதி போரின்றிச் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச் சீட்டின்றி நின்றனர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, பிரதம மந்திரிகள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் உடன்படிக்கை செய்தனர். கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் அதிலே முடிவாயிற்று. அவ்விரு தலைவர்களும் அதே மாத முற்பகுதியிற் கெய்ரோவிற் கூடிய இரண்டாவது அணிசேரா மகாநாட்டில் ஒருங்கு அமர்ந்திருந்தவர்கள்.

இப்போது 1973ஆம் ஆண்டுக்கு வருவோம். நகருக்கு மேற்கே, கடற்கரையை அடுத்த பைன் மரச் சோலையில், நாடுகளின் மாளிகை என்னும் பெயர்கொண்ட மண்டபத்தில் மகாநாடு கூடிற்று. 1965இல் நடைபெறவிருந்த ஆசிய ஆபிரிக்க மகாநாட்டுக்கென எழுப்பப்பட்ட மண்டபம் அது. அவ்வாண்டின் ஆட்சி மாற்றத்தால் அம்மகாநாடு நடைபெறவில்லை. இம்முறை எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள் வந்திருந்தன. அல்ஜீரியத் தலைவர் ஹுவாரி பூமெதியன் தலைமை தாங்கினார். யூகோஸ்லாவியாவின் டிட்டோ, கியூபாவின் காஸ்ட்ரோ, லிபியாவின் கடாபி, இந்தியப் பிரதம மந்திரி இந்திரா காந்தி ஆகியோர் அவையில் இருந்தனர். மகாநாடு முடிந்து இரண்டு நாட்களில், செப்டெம்பர் 11ஆம் திகதி, சிலி நாட்டின் தலைவர் அலெண்டேயின் ஆட்சி படையினராற் கவிழ்க்கப்பட்டது. செம்பு வளத்தை நாட்டுடைமையாக்கிய ஆட்சி அது என்பதை நினைத்தால், அந்நாட்களில் மூலப்பொருளைப் பற்றிய பேச்சு எத்துணைக் கனம் வாய்ந்தது என்பது புலப்படும்.

அல்ஜியர்ஸில் எழுந்த பொருளாதார வாதம் எளிமையானது. தேயிலை விற்கும் நாடும், கொக்கோ விற்கும் நாடும், செம்பு விற்கும் நாடும் தம் பொருளின் விலையைத் தாம் குறிப்பதில்லை. வாங்கும் நாடுகளின் சந்தையே குறிக்கின்றது. அதே நாடுகள் விற்கும் இயந்திரங்களின் விலையையும் அவர்களே குறிக்கின்றனர். விற்பதன் விலை தேய, வாங்குவதன் விலை வளர, ஏழை நாடு ஆண்டுதோறும் அதிகம் விளைவித்தும் குறைவாகவே பெறுகின்றது. ஆகவே உற்பத்தி செய்யும் நாடுகள் ஒன்றுகூடி விலை பேச வேண்டும்; தம் இயற்கை வளங்களின் மீது முழு உரிமை கொள்ள வேண்டும்; உலகப் பொருளாதார ஒழுங்கே மாற வேண்டும். அல்ஜீரியா இதனை வாயாற் சொன்னதோடு நிற்கவில்லை. 1971 பெப்ரவரி 24ஆம் திகதியே அது பிரெஞ்சு எண்ணெய் நிறுவனங்களின் 51 சத வீதப் பங்கைத் தன்வசமாக்கிக் கொண்டிருந்தது.

இந்த வாதம் இலங்கைக்கு முற்றிலும் பொருந்தியது. 1970களின் தொடக்கத்தில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழப் பாதி தேயிலையால் வந்தது. அத்தேயிலை கொழும்பு ஏலத்திலும் லண்டன் ஏலத்திலும் விற்கப்பட்டது. பிரித்தானியாவிற் பொதி செய்து விற்பனை செய்யும் தொழில் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களின் கையில் இருந்தமையால், ஏலத்தில் வாங்குவோரின் பலம் பெரிது; விற்போரின் பலம் சிறிது. தோட்டங்களிற் பலவும் அப்போது பிரித்தானியக் கம்பனிகளுக்கே உரியனவாய் இருந்தன. போதாக்குறைக்கு, 1967 ஜூன் மாதப் போரின்போது மூடப்பட்ட சூயெஸ் கால்வாய் 1975 ஜூன் வரை திறக்கப்படவில்லை. அதற்கு முன்னர் நுவரெலியாவின் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய கப்பல்கள் சூயெஸைக் கடந்து, அல்ஜீரியக் கரையை ஒட்டிய கடல் வழியே மேற்கு நோக்கிச் செல்வது வழக்கம். மகாநாடு நடந்த காலத்தில் அவை ஆபிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகவே ஐரோப்பாவை அடைந்தன. வழி நீண்டது, செலவும் நீண்டது.

ஆகவே இலங்கைப் பிரதிநிதிகள் அல்ஜியர்ஸிலே நியாய விலையை வேண்டியோருடன் குரல் சேர்த்தமை முறையே. ஆனால் விலை என்பது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே பேசப்படும் ஒன்று. கூலி என்பது நாட்டுக்குள்ளே, தோட்டத்துக்குள்ளே பேசப்படும் மற்றொன்று. நாட்டுக்கு வரும் விலை உயர்ந்தால் தொழிலாளிக்கு வரும் கூலியும் தானே உயரும் என்பது கருதுகோள். அது தானே நிகழ்வதில்லை. நாடுகளின் பெயரால் அமர்ந்தோர் கூடிய அவையிலே, எந்த நாட்டுக்கும் உரியவராக ஏற்கப்படாத தொழிலாளிக்கு ஆசனம் இருக்க வழியில்லை.

அந்நாட்களில் மலைநாட்டின் நிலை என்ன? 1972 தொடக்கம் உலகச் சந்தையிற் கோதுமையும் அரிசியும் பன்மடங்கு விலையேறத் தொடங்கின. மகாநாடு முடிந்த அடுத்த மாதம் மேற்காசியாவில் மீண்டும் போர் மூண்டது. எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் நான்கு மடங்காயிற்று. எண்ணெய் விற்ற அல்ஜீரியாவுக்கு அது வருவாய். எண்ணெயும் மாவும் அரிசியும் வாங்கிய இலங்கைக்கு அது பேரிடி. அல்ஜியர்ஸிலே தோளோடு தோள் நின்ற நாடுகளின் நலன்கள் எல்லாம் ஒன்றல்ல என்பது இவ்வாறு விரைவில் வெளிப்பட்டது. இலங்கையிற் கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. மாவும் சீனியும் அரிதாயின.

இத்தட்டுப்பாடு எல்லோரையும் தாக்கிற்று. ஆயினும் கிராமத்தவருக்கு ஒரு வயல், ஒரு பலாமரம், ஒரு கிழங்குப் பாத்தி என்று ஏதேனும் ஒரு பற்றுக்கோடு இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கு அதுவும் இல்லை. வீட்டு வாயிலிலிருந்து தேயிலைச் செடி தொடங்கிவிடும். அந்த மண்ணில் உண்பதற்கு ஒன்றை நடும் உரிமை அவர்களுக்கு அரிது. பிரட்டுக்குப் போய்ப் பெயர் பதிந்த நாளுக்கே கூலி. மழையாலோ பிணியாலோ வேலை தவறினால் அன்று அடுப்பு எரிவதும் தவறும். கொழுந்து மடுவத்தில் நிறுத்துக்கொடுத்த இறாத்தல் கணக்கிற்குக் கிடைத்த காசு, வெளிச்சந்தையில் மாவு வாங்கவும் போதவில்லை. 1974ஆம் ஆண்டில் தோட்டப்பகுதிகளின் இறப்பு வீதம் திடுமென உயர்ந்தது. குழந்தைகளும் முதியோரும் முதலில் வீழ்ந்தனர். கண்டி, கம்பளைப் பகுதிகளிற் காணிச் சீர்திருத்தத்தின்போது தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டோர் நகரத் தெருக்களிற் கையேந்தினர். சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டிக் குடியேறினர். 1970களில் பிரித்தானியத் தொலைக்காட்சியொன்று லயங்களின் நிலையைப் படம்பிடித்துக் காட்டிய பின்னரே, தேநீர்க் கோப்பையின் மறுபக்கத்தை அந்நாட்டார் பலர் அறிந்தனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. அல்ஜியர்ஸ் மகாநாட்டிற் கலந்துகொண்ட சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் 1974 ஜனவரியிற் புதுடில்லியிற் சந்தித்தனர். பத்தாண்டுக்கு முன்னர் ஒதுக்கிவைக்கப்பட்ட 150,000 பேரின் கணக்கு அங்கே தீர்க்கப்பட்டது. இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக, 75,000 பேரை ஏற்பதென முடிவாயிற்று. இரண்டு உடன்படிக்கைகளும் அணிசேரா மகாநாடுகளுக்குச் சில வாரங்களோ மாதங்களோ பின்னர் வந்தன என்பதைக் கொண்டு, ஒன்று மற்றொன்றின் விளைவென்று கூறுதல் பொருந்தாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. உலக அரங்கிலே சிறிய நாடுகளின் சம்மதமின்றி அவற்றின் எதிர்காலத்தைப் பெரிய நாடுகள் தீர்மானித்தல் ஆகாது என்று வாதிட்ட அரசுகள், இம்மக்களைப் பங்கிட்டபோது அவர்களின் சம்மதத்தைக் கேட்டல் அவசியமெனக் கருதவில்லை. இதன் பயனாக மண்டபம் முகாம் வழியே சென்றவர்களும், கப்பலேறும்வரை தலைமன்னாரிற் கண்ணீர் விட்டவர்களும், பின்தங்கி உறவைப் பிரிந்தவர்களும் மலைநாட்டின் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு.

அல்ஜியர்ஸில் விதைக்கப்பட்டது உலக அரங்கிலே முளைவிட்டது என்பதையும் மறைத்தலாகாது. பூமெதியனின் வேண்டுகோளின்படி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1974 ஏப்ரலில் விசேடக் கூட்டமொன்றைக் கூட்டிற்று. மே மாதம் முதலாந் திகதி, தொழிலாளர் தினத்தன்று, புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு பற்றிய பிரகடனம் நிறைவேறியது. 1976இல் நைரோபியிற் கூடிய வர்த்தக, அபிவிருத்தி மகாநாடு, தேயிலை உட்பட்ட மூலப்பொருள்களுக்கு ஒருங்கிணைந்த திட்டமொன்றை ஏற்றது. அவ்வமைப்பின் செயலாளர் நாயகமாக அதனை முன்னின்று நடத்தியவர் இலங்கையரான கலாநிதி காமினி கொரையா. அவ்வாண்டு ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மகாநாடு கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடைபெற்றது. அல்ஜியர்ஸ் ஏந்திய தலைமையை இலங்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் மூலப்பொருள்களுக்கான பொது நிதி உடன்படிக்கை 1980இற் கையெழுத்தாகி, 1989இலேயே நடைமுறைக்கு வந்தது. தேயிலையின் விலையைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம் இறுதிவரை உருவாகவேயில்லை.

மகாநாடுகள் தராத விலையை ஒரு பனி தந்தது என்றால் வியப்பாயிருக்கும். 1975 ஜூலையிற் பிரேசில் நாட்டின் கோப்பித் தோட்டங்களைக் கடும் உறைபனி கருக்கிற்று. கோப்பி விலை ஏறியது. அதன் பின்னே தேயிலை விலையும் ஏறி, 1977இல் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. அப்போது தோட்டங்கள் கம்பனிகளின் கையில் இல்லை. 1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தினால் அவை அரசுடைமையாகிவிட்டன. ஆகவே அல்ஜியர்ஸில் வேண்டிய இரண்டும், உயர்ந்த விலையும் வளத்தின் மீதான உரிமையும், ஒரே காலத்தில் இலங்கைக்கு வாய்த்தன. எனினும் விலையேற்றத்திற் பெரும்பகுதி ஏற்றுமதி வரியாகத் திறைசேரிக்குச் சென்றது. லயத்தின் பத்தடிக் காம்பராவோ, கூரைத் தகரமோ, பொதுக் குழாயோ அதனால் மாறிவிடவில்லை. அல்ஜியர்ஸ் வாதத்தில் விடுபட்டுப்போன கண்ணி எது என்பதை 1977ஆம் ஆண்டு காட்டிற்று.

பின்னர் மலைநாட்டில் வந்த மாற்றங்கள் எவ்வாறு வந்தன என்று பார்த்தால், அக்கண்ணியை இணைத்தவர்கள் யார் என்பது விளங்கும். 1977இற் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் மலைநாட்டுத் தொழிலாளரின் வாக்கு மீண்டும் எண்ணப்பட்டது. தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு ஆணுக்குரிய நாட்கூலி என்ற உரிமை 1984இல், வேலைநிறுத்தத்தின் பயனாகக் கிடைத்தது. தேயிலைக் கைத்தொழிலின் முதுகெலும்பு பெண்ணின் கை என்பதை எல்லோரும் அறிந்திருந்தும், அதற்குச் சம கூலி என்று ஏற்க ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1986ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டித் தோட்டங்களெங்கும் தொழிலாளர் வேலைக்குப் போகாது பிரார்த்தனையில் அமர்ந்தனர். கல்லெறியவில்லை; கூச்சலிடவில்லை; கோயில் முன்றிலிற் கூடி இருந்தனர். நாடற்றோரின் குடியுரிமை விரைவுபடுத்தப்பட வேண்டும் என்பதே வேண்டுதல். அரசாங்கம் அதற்கு இணங்கிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழியில் வந்தவை. 1948இல் மூடப்பட்ட கதவு முற்றாகத் திறக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இதனால் அல்ஜியர்ஸ் மகாநாடு வீண் என்று முடிவு செய்வது பிழை. கோதுமைக் கடனைக் கேட்டதனால் அடிமைப்பட்ட நகரிலே, ஏழை நாடுகளின் தலைவர்கள் கூடி, விளைபொருளுக்கு நியாய விலை எங்கே என்று கேட்டது வரலாற்றுப் பொருத்தம் உடையது. அவ்வினா தேயிலைக்கு இன்றும் பொருந்தும். ஆனால் அது வினாவின் முதற் பாதி. கிடைக்கும் விலையில் விளைவித்தவனின் பங்கு எவ்வளவு என்பது மறு பாதி. முதற் பாதியை உலக மகாநாடுகள் கேட்கலாம். மறு பாதியை அவ்வந் நாட்டு மக்களே தம் வீட்டுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதனைக் கேட்கத் தொழிலாளிக்கு முதலில் வாக்கு வேண்டும், சங்கம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும். தன் பெயரைத் தன் நாட்டின் பதிவேட்டிற் காணும் உரிமை வேண்டும்.

மலைநாட்டு மாணவர்கள் உலகப் படத்தில் அல்ஜியர்ஸைத் தேடும்போது, அதனை வெறும் துறைமுகப் பெயராகக் கண்டு கடந்துவிட வேண்டியதில்லை. முந்திரிகைத் தோட்டத்தில் தொழிலாளர் குழு அமைத்த கதையும், பைன் மரச் சோலையில் நாடுகள் விலை பேசிய கதையும், அதே ஆண்டில் தங்கள் பாட்டன் பாட்டிமார் ரொட்டிக்கு மாவின்றி இருந்த கதையும் ஒரே பாடத்தின் பகுதிகள். பெரியோர் இவற்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், இனி ஒரு மகாநாட்டு மண்டபத்தில் தேயிலையைப் பற்றிப் பேச்சு எழும்போது, கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களின் பிள்ளைகளும் அங்கே அமர்ந்து இரு பாதி வினாவையும் முழுமையாகக் கேட்கும் தகுதி பெற்றிருப்பர்.